எந்த உப்பு என்று கேட்கவில்லை

தாளின் தலைப்பில் எழுதியுள்ள பெயர், வயது, விலாசம் எல்லாம் என்னுடையவையே. நான் தொழிற்சாலை கேண்டீனில் சமையல் மாஸ்டர். என்மீது புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர். அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இந்த ஸ்டேஷன் வாக்குமூலத்திலும் அப்படியே எழுதச் சொன்னேன்.

மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு, வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு, மண்ணே இல்லாமல் குழாயில் ஓடும் தண்ணீரில் கீரை வளர்க்கிறார். வேலையை விட வேண்டாம் என்று நான் அப்போது தலைபாடாக அடித்துக்கொண்டது உண்மை. அந்தக் கோபத்தில்தான் அவருடைய பயிரைக் கெடுத்தேன் என்று புகாரில் இருக்கிறது. அது உண்மையில்லை.

போன வாரம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தங்கை ஆஸ்பத்திரியில் கூடவே தங்கினாள். போகும்போது மாப்பிள்ளை பேனா போல ஒரு கருவியைக் கொடுத்து, "தினமும் உப்பு பாருங்க மச்சான். நம்பர் ரெண்டுக்குக் கீழ போச்சுன்னா உப்பு போடுங்க. அவ்வளவுதான்" என்றார். எந்த உப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல்காரனிடம் உப்பு பார் என்றால் அவன் எந்த உப்பு என்று கேட்பானா?

அதன் பிறகு இரண்டு நாள் நம்பர் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காலை குறைந்தது. கருவியை நம்பாமல் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. கொட்டகை மூலையில் இரண்டு நீல கேன்கள் இருந்தன. உரம் என்று நினைத்து அவற்றைத் தொடவில்லை. மாப்பிள்ளை அந்த உரத்தைத்தான் உப்பு என்பாராம். இது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய சூப் கீழே அடுப்பில் இருந்தது. தங்கைக்குப் போன் செய்து, "உப்பு பாத்தேன்மா, ஒண்ணுமே இல்ல. போடட்டுமா?" என்றேன். "உன் கை எப்பவும் உப்பு கம்மிதாண்ணே. தாராளமா போடு" என்று சிரித்தாள். அதன் பிறகு சமையலறையிலிருந்து உப்புப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து, குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் கொட்டினேன். நம்பர் ஏறியது. எந்த உப்பு என்று அந்தக் கருவிக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. லெட்டூஸ் கீரையின் இலை ஓரமெல்லாம் தீய்ந்து கருகியது. புதினா வேர் முங்க முங்கத் தண்ணீரில் நின்றுகொண்டே வாடியது. தண்ணீரிலேயே நிற்கிற செடிக்குத் தாகம் எடுக்குமா? பாலக்கீரை மட்டும் எதுவும் நடக்காதது போல முன்பைவிடக் கரும்பச்சையாக நின்றது. கொத்தமல்லி குன்றிவிட்டது, ஆனால் கிள்ளினால் வாசனை மூக்கைத் துளைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான். பயத்தில் இன்னும் ஒரு பாக்கெட் போட்டேன். மாப்பிள்ளை தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து பார்த்தார். அதன் பிறகு நேராக இங்கே வந்து புகார் கொடுத்தார்.

தங்கை சூப்புக்குத்தான் உப்பு போடச் சொன்னாள் என்பது இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே போனில் அவள் சொன்ன வரியை அடித்துவிடச் சொன்னேன். "அடிச்சா நீங்க வேணும்னே செஞ்ச மாதிரி ஆயிடும், மாஸ்டர்" என்றார் எழுத்தர். "ஆனா ஆகட்டும்" என்றேன். அந்த வரி இருந்தால் மாப்பிள்ளையின் கோபம் அவள் மேல் திரும்பும். நான் கேண்டீனுக்குத் திரும்பிப் போக முடியாமல் போகலாம். அவள் அந்த மாடி வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்?

அடிக்கும் முன் எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். வெளியே பெஞ்சில் இருந்த தங்கை கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து, "அதை அடிக்காதீங்க சார். நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். மாப்பிள்ளை கதவருகே நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். சூப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்த உப்பு என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இவை எல்லாம் நான் என் வாயால் சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

(கையொப்பம்)