காலி ஊரில் ஒரு வெண்கலப் பானை

குண்டு விழுகிறது.

முதலில் தெற்கே "தொம்" என்கிறது. பிறகு தலைக்கு மேலே சேலை கிழிவது போல ஒரு சீறல். பிறகு தரை தூக்கிப் போடுகிறது. ஓடுகிறோம். நானும் என் வீட்டுக்காரரின் அக்கா பாவாயியும். நங்கை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒளிய ஒரு வீடு இல்லை. எங்கள் ஊரின் கூரைகள் போன வாரமே எரிந்துவிட்டன.

"குழிக்குள்ள குதி! குதி சாமி!" நங்கை கத்துகிறார்.

தானியம் கொட்டி வைக்கும் ராகிக் குழிக்குள் குதிக்கிறோம். மூடுகல்லை அப்போதுதான் புரட்டி வைத்திருந்தோம். வாய் ஓர் ஆள் நுழையும் அகலம். உள்ளே நாலைந்து பேர் உட்காரலாம். அடுத்த குண்டு. பக்கத்து மண்சுவர் சரிகிறது. குழியின் வாய் அடைபடுகிறது. இருட்டு.

ஜப்பான்காரன் குண்டு அல்ல. நம் சர்க்கார் பட்டாளம் போட்டது. யுத்தம் உச்சத்தில் இருந்தது. பீரங்கி பழக அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் கரடு தோதாக இருந்ததாம். அடிவாரத்து ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு பகல்தான் தவணை.

எதை எடுப்பது, எதை விடுவது? வண்டிகள் கொஞ்சம். ஆண்கள் ஏர் ஏற்றினார்கள், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சால் ஏற்றினார்கள். ஒருவர் வீட்டை விட்டுவிட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் மனுசனுக்கு எது கையில் வருகிறதோ அதுதான் உசிர். பெண்களின் சமையல் ஏனங்களுக்கு இடமில்லை என்றார்கள். ராகியை அள்ளிவிட்டு, வெறுங்குழியில் எங்கள் பித்தளையையும் வெண்கலத்தையும் இறக்கினோம். கல்லைப் போட்டு மூடினோம். ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். நிலம் ஆம்பளை பேரில். மாடு ஆம்பளை பேரில். எங்கள் பேர் இருந்தது ஏனத்தில் மட்டும்தான்.

நங்கைக்கு ஒரு வெண்கலப் பானை. பிறந்த வீட்டுச் சீர். புருசன் விட்டுப் போனபோது அவரோடு திரும்பி வந்தது அது ஒன்றுதான். கல்யாண வீடு, எழவு வீடு என்றால் நங்கையையும் பானையையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பானை இருந்தால் சமையல்காரி. இல்லாவிட்டால் தம்பி வீட்டில் தண்டச்சோறு. நாளை மறுநாள் ஒரு கல்யாணம். அதற்குப் பானையை எடுக்கத்தான் என் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தோம். மத்தியானம் சுட மாட்டார்கள் என்று நம்பினோம். "வெள்ளக்காரன் சோத்து வேளை தவற மாட்டானுங்க" என்று நங்கை எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்துத் தவறினான், நாசமாய்ப் போனவன்.

குழிக்குள் அசைய முடியவில்லை. எங்கே கை வைத்தாலும் ஏனம். முதுகில் குண்டா, முழங்காலில் அண்டா. மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் அழுதேன். நங்கை இருட்டில் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது குஞ்சாயி குண்டா. புருசன் வீசியெறிஞ்ச சொட்டை பாரு. இது ராமாயி செம்பு. புளி போட்டு வெளக்கியே தேச்சுப்புட்டா மகராசி."

சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரித்தேன். அந்தக் குழிக்குள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

குண்டாவைத் தட்டினோம். "டப்" என்றது. அண்டா "தம்" என்று அடங்கியது. பித்தளைச் சத்தம் மண்ணைத் தாண்டாது. வெண்கலம் தாண்டும். ஆனால் கல்லால் அடித்தால் வெண்கலம் விண்டுபோகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். பானை விளிம்பில் நங்கையின் கை ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பேர் வெட்டிய இடத்தில் கை நின்றது.

"வேண்டாங்க நங்கை."

"சும்மா இரு."

அடித்தார். கணீர் என்றது. காதுக்குள் ஊசி இறங்கியது. இன்னொரு அடி. இன்னொன்று. குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்து அடித்தார். கடைசியில் "சிறுக்" என்று ஒரு சத்தம். பானை விண்டது. அதன்பின் ஓட்டாஞ்சல்லிச் சத்தம்தான். நங்கை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடித்தார்.

மேலே மண் பறிக்கும் சத்தம். வெளிச்சம். என் வீட்டுக்காரர் எங்களைத் தேடிப் பட்டாளம் கட்டிய காவல் கயிறு வரைக்கும் வந்திருக்கிறார். வெண்கலம் கேட்டுக் கயிற்றைத் தாண்டி ஓடிவந்திருக்கிறார்.

"கையக் குடுங்க! சீக்கிரம்! அக்கா!"

"அவள மொதல்ல தூக்குடா. கொழந்த பாலுக்கு அழுவும்."

நங்கையின் தோளில் கால் வைத்து ஏறினேன். மேலே வந்து திரும்பினேன். கை நீட்டினேன். அவர் விரல் என் விரலில் பட்டது. தெற்கே "தொம்". சீறல் கேட்டதா? நினைவில்லை. குழி இல்லை. மண்தான் இருந்தது. தோண்டினோம். நகம் பெயரத் தோண்டினோம். சிப்பாய்கள் வந்து இழுத்துப் போனார்கள். பொழுது சாயும்வரை சுட்டார்கள். அடுத்த நாளும் சுட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் தோண்ட விட்டார்கள். ஏனம் எடுக்க என்று கேட்டோம். விட்டார்கள். ஆளை எடுக்க என்று அதுவரை கேட்டபோதெல்லாம் விடவில்லை. வயிறு எரிகிறது இப்போது சொன்னாலும்.

பிறகு ஓர் அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து நட்டம் கேட்டார். ரொம்ப வருத்தம் என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். நாங்கள் சொன்னோம். வீடு முப்பத்தொன்று. கிணறு இரண்டு. மாரியம்மன் கோயில். வேலி ஓரத்துப் பனை அத்தனையும். ஏனம் எல்லாம் கிடைத்தது, நசுங்கியது பாதி. விண்டது வெண்கலப் பானை ஒன்று. ஆள் ஒன்று.

அவர் தலை நிமிர்ந்தார். ஊரைத்தான் முன்னமே காலி செய்துவிட்டோமே, காலி ஊரில் ஆள் எப்படிச் சாகும் என்று கேட்டார். ஆளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் சேர்க்கிறேன். ஆள் ஒன்று. பேர் பாவாயி.