ராஜம்மாக்காவின் குரல் மட்டும்

அந்த ஏர்கோனை அணைத்துவிட முடியுமா? ஜொகூர் பாரு வெயிலில் கேட்கக் கூடாததுதான். ஆனால் இரைச்சலுக்கு நடுவே பேசினால் எனக்குக் குமட்டும். தொழில் அப்படி.

பாட்டை ஒலிப்பதிவாகக் கொண்டுவருவார்கள். நான் அதைக் கணினியில் நோட்டேஷன் கோப்பாக மாற்றித் தருவேன். பஜனைக் குழு, பள்ளிக்கூட பேண்டு, சர்ச் காயர் என்று எல்லாரும் வருவார்கள். மென்பொருள் காதில் விழுந்ததை எழுதும். தப்பானதை நான் திருத்துவேன். பாட்டு எது, குப்பை எது என்று அதற்குத் தெரியாது. நாற்காலி நகர்ந்தாலும் ஒரு சுரம் எழுதும். என் அண்ணன் தங்கராஜு இருமினாலும் எழுதும்.

அண்ணன் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து என் வீட்டில் பக்கத்து அறையில் கிடந்தார். அவருக்கும் கல்யாணம் இல்லை, எனக்கும் இல்லை. வேறு யார் பார்ப்பது? குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன், வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் தொண்டையில் சளி ஏறி இறங்கும் சத்தம் மட்டும்தான் சகிக்காது. ஊறிய துணியைப் பிழிவது போலிருக்கும். 

பாலோ என்ற ஊரில் ஒரு துக்க வீட்டில்தான் ராஜம்மாக்கா ஒப்பாரி வைக்கக் கேட்டேன். கைப்பேசியில் பதிந்துகொண்டு வந்தேன். ஓர் இடத்தில் அவர் குரல் மேலிருந்து சரிந்து, இரண்டு சுரங்களுக்கு நடுவே எங்கோ நிற்கும். அதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மென்பொருள் துப்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பறை, மோட்டார் சைக்கிள், கோப்பி கலக்கும் சத்தம், மூக்குச் சிந்துகிறவர்கள், எல்லாம் சுரமாகிக் கோடெங்கும் ஈ மொய்த்தது போல் இருந்தது. மனிதர்கள் எவ்வளவு அசிங்கமாகச் சத்தம் போடுகிறார்கள். சீ என்றாகிவிட்டது. எனக்கு அக்காவின் குரல் மட்டும் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

பாலோவுக்கே போய், என் அறைக்கு வந்து தனியாகப் பாடிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அலமாக், என்னா தம்பி பேசுறீங்க? சாவு விழாத வூட்ல ஒப்பாரி வைக்கலாமா? குடும்பத்துக்கே ஆகாது லா."

"சும்மா ரெக்கார்டிங்குக்குத்தான்க்கா."

"சும்மால்லாம் வராது தம்பி. பொணம் முன்னால கெடந்தாதான் எனக்கு வாயே தொறக்கும். வேணும்னா கும்மிப் பாட்டு பாடுறேன்."

அவர் சொன்னது நியாயம். வழக்கத்தை மீறச் சொல்லி யாரையும் வற்புறுத்துகிறவன் இல்லை நான். சாவு விழுந்த வீடு வேண்டும். அது சத்தமில்லாத வீடாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு தானாக அமையாது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். இருமல் நிற்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணனுக்கும் விடுதலைதானே. காலையில் கஞ்சி குடித்தார். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். அவருடைய நல்ல கை என் கையைப் பிடித்தது. தள்ளவில்லை, பிடித்துக்கொண்டது. அதன் ஈரம்தான் அருவருப்பாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நாள்பட்ட நோயாளி, டாக்டர் சந்தேகப்படவில்லை. பறை வேண்டாம், அண்ணனுக்கு அமைதிதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்களை மாலையில் வரச் சொன்னேன். ராஜம்மாக்காவுக்கு மட்டும் உடனே கார் அனுப்பினேன். அண்ணனை ஒலிப்பதிவு அறையிலேயே கிடத்தி, மைக்கைப் பூமாலைக்குள் வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒப்பாரி வைக்கிறவர்கள் செத்தவரின் சொந்தத்தைக் கட்டிக்கொண்டுதான் வைப்பார்களாம். அங்கே நான்தான் இருந்தேன். "கூடப் பொறந்த பொறப்ப எமனுக்குக் குடுத்துட்டு நிக்கிறியே" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். கண்ணீரும் மூக்குநீரும் என் சட்டையெல்லாம். விலகினால் சத்தம் பதிவாகும் என்று அசையாமல் நின்றேன். அந்த இடம் வந்தது. குரல் சரிந்தது, நின்றது. அவ்வளவு சுத்தம்.

முடித்துவிட்டு மாலையைச் சரிசெய்யக் குனிந்தவர் மைக்கைப் பார்த்துவிட்டார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடப் பாவி, இதுக்காகவா?" என்றார். என் முகத்தில் காறித் துப்பிவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார். துப்பியதையும் மென்பொருள் ஒரு சுரமாக எழுதியிருந்தது. நீங்கள் வருவதற்குள் அதை நீக்கிவிட்டேன்.

பதிவில் அக்காவின் குரலுக்குக் கீழே ஓர் ஆண் குரல் "அண்ணா, அண்ணா" என்று கேவுகிறது என்கிறீர்கள். மென்பொருளும் அங்கே இரண்டாவது வரி ஒன்று எழுதியிருக்கிறது, பார்த்தேன். அறையில் உயிரோடு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அது நான் இல்லை, ஏதோ இரைச்சல். கணினியைக் கொஞ்சம் கொடுங்கள், அந்த வரியை அழித்துவிடுகிறேன்.