நிறுத்தி வைத்த படம்

"அப்பா, அந்த மெஷின் அசப்புல உங்கள மாதிரியே இருக்கு."

மலேசியாவில், கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே, உணவகச் சீருடைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரின் கைப்பேசியில் ஒரு சிறுமி பேசினாள். அவருடைய மகள், தமிழ்நாட்டிலிருந்து. பக்கத்து இருக்கை ஆன்டி, "தம்பி, சத்தம் கொஞ்சம் குறைங்க லா" என்றார். குறைத்தார். ஆனாலும் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மெஷின்?"

"கார்ட்டூன் படத்துலப்பா. அந்த வீட்டு அப்பா கப்பல் வேலைக்குப் போயிடுவாரு. சாப்பிடறப்ப அவருக்குப் பதிலா அவர் நாற்காலியில ஒரு ரோபோ மெஷின உக்கார வெப்பாங்க. நீங்க பேசறப்ப நாங்க ஃபோன சொம்புல சாய்ச்சு வெச்சுச் சாப்பிடறோம்ல, அது மாதிரி."

அவர் சிரித்தார். "அப்ப நான் மெஷினா?"

"இல்ல. மெஷின் என்ன கொழம்புன்னு கேக்காது."

"கடைசியில அந்த அப்பா வந்தாரா?"

"தெரியல. பாதியில நிறுத்தி வெச்சிருக்கேன். பொங்கலுக்கு நீங்க வந்ததும் சேர்ந்து பாக்கலாம்."

ரயில் சுபாங் ஜெயா நிலையத்தில் நின்று கிளம்பும்வரை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா. பொங்கலுக்கு லீவு கெடைக்கல. நீ மிச்சத்தப் பாத்துடு. பாத்துட்டு, அவர் வந்தாரான்னு அப்பாவுக்குச் சொல்லு."