பாவாவின் போனுக்கு வந்த அப்டேட்

போனுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுவதுதான் நல்லது, சார். உங்கள் போனிலும் வந்திருக்கிறது, மேஜையில் வைக்கும்போது பார்த்தேன். நீங்கள் பயப்படாமல் போடலாம். ரூட் செய்த போன் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் தாங்களாகப் போடக் கூடாது. அவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: அப்டேட் வந்தால் கை வைக்காதீர்கள், என்னிடம் கொண்டுவாருங்கள்.

ரூட் என்றால் என்னவென்று நேற்று கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொந்தக் காசில் வாங்கினாலும் போனில் நாம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். சுவரில் ஆணி அடிக்கக்கூட கம்பெனியைக் கேட்க வேண்டும். ரூட் செய்வது என்றால் வீட்டுக்காரனின் சாவியை நாம் வாங்கி வைத்துக்கொள்வது. வேண்டாத ஆப்பைத் தூக்கலாம், வேண்டியதை நம் இஷ்டப்படி ஓட்டலாம். ஆனால் அப்டேட் வரும்போது கம்பெனி பூட்டையே மாற்றிவிடும். கவனமில்லாமல் போட்டால் சில போன்கள் கம்பெனி பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதனால் முதலில் போனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அப்டேட், பிறகு மறுபடி ரூட். பொறுமையான வேலை. எனக்கு அந்தப் பொறுமை உண்டு.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் கடை. எங்கள் கடை என்று சொல்லிப் பழகிவிட்டது. என் அக்கா பானுப்ரியாவின் கணவர் மணவாளன், நான் பாவா என்று கூப்பிடுவேன், முன்னால் கல்லாவில் உட்காருவார். நான் தடுப்புக்குப் பின்னால் வேலை பார்ப்பேன். அவருக்குப் பேச்சு வரும், எனக்கு வேலை வரும். பள்ளிப்பட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்தும் வருவார்கள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் மடக்குவார், தமிழில் கேட்டால் தமிழில் மடக்குவார். "உள்ள ஒரு டாக்டரு இருக்காரு, செத்த போனும் எழுந்து நடக்கும்" என்பார். அந்த டாக்டர் நான்தான். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். ஒளிக்க என்ன இருக்கிறது, அதைக் கேட்பதற்காகவே சில நாள் சீக்கிரம் கடைக்குப் போயிருக்கிறேன்.

பாவாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை. அதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இறங்கினால் வியர்க்கும், உடம்பு நடுங்கும், பேச்சு குழறும், பிறகு நினைவு போய்விடும். ஒரு வாய் குளுக்கோஸ் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கதை பேசுவார். போடாவிட்டால் எழமாட்டார். அவருக்கு இருந்த கஷ்டம், அது இறங்குவது அவருக்கே தெரியாது. அதனால் கையில் பட்டன் மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருந்தார். சர்க்கரை இறங்கினால் அதனுடைய ஆப் போனில் மணி அடிக்கும்.

அவர் போன் அந்த ஆப்பை ஓடவிடவில்லை, சார். பாட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடும். செட்டிங்கில் என்ன மாற்றினாலும் கேட்காது. கம்பெனிக்கு எழுதினோம், பதில் இல்லை. கடைசியில் நான் ரூட் செய்து, யாரும் அந்த ஆப்பை நிறுத்த முடியாதபடி பூட்டி வைத்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மணி தவறவில்லை. மணி அடித்தால் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து அவர் வாயில் கொட்டுவேன். "எமன் வந்துகினு இருந்தான், நம்ம மச்சான் கடை லீவுன்னு சொல்லி அனுப்பிட்டான்" என்று வாய் நிறைய வெள்ளைத் தூளோடு சிரிப்பார்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். முடிகிற வரைக்கும் அவர் உயிர் என் மேஜைமேல் இருக்கும். நான் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நினைக்காமல் இருந்ததும் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். உட்கார்ந்ததும் சொன்னார்.

"குணா, அந்த சர்வீஸ் சென்டர் நமக்கே கிடைச்சிருச்சுடா."

ஒரு பெரிய போன் கம்பெனி திருத்தணியில் சென்டர் திறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நமக்கே என்று சொன்னதில் நானும் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

"ஆனா கண்டிசனா சொல்ட்டான். ரூட் பண்ற கடைன்னு பேரு இருக்கக் கூடாதாம். உன் பேருதான் ஊரெல்லாம் தெரியுதே. நீ தனியா சின்னதா ஒரு கடை போட்டுக்கோ. ரூட்டு கேக்கறவங்கள நானே அனுப்பறேன்."

"கையெழுத்து போட்டுட்டீங்களா பாவா?"

"ஆங். போன வாரமே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். போதும் என்று கை காட்டியும் ஊற்றினாள். அவளுக்கும் போன வாரமே தெரிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தாள். ஒருநாள் கேரியரில் வடைகூட இருந்தது. ஏதாவது விசேஷமா என்று பாவாவிடம் கேட்டேன், ஒன்றுமில்லை சும்மாதான் என்றார். இதை நான் இன்னும் மறக்கவில்லை. சென்டரைக்கூட மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வடையை மறக்க முடியவில்லை.

பாவாவுக்கு வேறு சந்தோஷமும் இருந்தது. சென்டர் கிடைத்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தாராம். கோயிலுக்குப் போய்ச் செலுத்துகிறவரைக்கும் விரதம். அக்கா பயந்தாள்.

"ஊசி போட்டுக்கினு பட்டினியா மலை ஏறுவீங்களா? டாக்டர் வேணாம்னு சொன்னாரில்ல?"

"மணி அடிக்கும் இல்ல. குணா கூட வர்றான் இல்ல."

என்னைக் கழற்றிவிட்டதற்காக அவர் முருகனுக்கு நன்றி சொல்லப் போகிறார், அந்த நன்றிக்கும் நான்தான் துணை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருவேன் என்று அவருக்கே தெரியும். கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"அப்புறம் என் போனையும் ஒரிஜினலுக்கு மாத்திக் குடுத்துட்றா. ஆய்வுக்கு வர்றவன் ஓனர் போனையே ரூட்டோட பாத்தா மானம் போயிடும்."

அவரை உயிரோடு வைத்திருந்த வேலையை மானக்கேடு என்றார். எனக்கு வயிறு எரிந்தது, சார். ஆனாலும் கோபப்படவில்லை. சரி பாவா என்றேன். குழம்பு நன்றாக இருந்தது என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

காவடிக்கு முந்தின நாள் காலையில் வேலையை முடித்தேன். ரூட்டை எடுத்தேன். அவ்வளவு காலம் போடாமல் வைத்திருந்த பெரிய அப்டேட்டைப் போட்டேன். அவர் எதிரே வழக்கமான ஸ்டூலில்தான் இருந்தார்.

"மணி அடிக்கும் இல்ல?"

"அடிக்கும் பாவா."

அக்கா உங்களிடம் கொடுத்த புகாரில் இந்த வார்த்தை இருக்கிறது. நான் சொன்னது உண்மைதான். மறுக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், பந்தோபஸ்து போட்டிருப்பீர்கள். சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு, புஷ்பக் காவடியைத் தோளில் வைத்துப் படியேறினார். போன் அவர் இடுப்புப் பையில் இருந்தது. அக்கா பால்குடத்தோடு இரண்டு படி பின்னால். நான் அவர் பக்கத்தில். முன்னும் பின்னும் பம்பைக்காரர்கள். அந்தச் சத்தத்திலும் அந்த மணி கேட்கும், சார். அப்படித்தான் நான் சத்தம் வைத்திருந்தேன்.

பாதி மலைக்கு மேல் அவருக்கு வியர்த்தது. எல்லோருக்கும்தான் வியர்த்தது. பிறகு உடம்பு ஆடத் தொடங்கியது. கால் படியில் நிற்காமல் பக்கவாட்டில் போனது. வாய் ஏதோ குழறியது. கண் மேலே செருகியது. பம்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அடியை வேகமாக்கினார். சுற்றியிருந்தவர்கள் அரோகரா போட்டார்கள். "சாமி வந்துருச்சு, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு அம்மாள் அவர் காலில் விழுந்து, மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது. காவடி சுமக்கிறவன் ஆடினால் நம் ஊரில் வேறு என்ன நினைப்பார்கள்?

அக்காவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

"குணா, இது சாமியாடா? போன எடுத்துப் பாரேன்."

இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன்.

"அடிக்கலையேக்கா. எறங்கியிருந்தா அடிச்சிருக்கும். சாமிதான்."

அவள் பால்குடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் சட்டைப்பையில் குளுக்கோஸ் இருந்தது. மணி அடிக்காமல் அதைப் பிரிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பாவா என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். கண் திறந்தபோது என் பக்கம்தான் திரும்பியது. கையை நீட்டினார். நான் அதில் திருநீறு வைத்தேன்.

இன்னும் சில படி ஏறினார். பிறகு காவடியோடு சாய்ந்துவிட்டார். அப்போதும் கொஞ்ச நேரம் வேப்பிலையால் வீசினார்கள். அந்தக் கூட்டத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவது சுலபமில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

காரியம் முடிகிறவரைக்கும் நான்தான் எல்லாம் செய்தேன், பந்தல்காரரிலிருந்து புரோகிதர் வரைக்கும். அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் போனை அரக்கோணத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். மணி ஏன் அடிக்கவில்லை என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கேட்டாள். என்னைக் கேட்டிருக்கலாம். கூடப் பிறந்தவன் நான். அவள் கேட்டிருந்தால் அவளிடமே சொல்லியிருப்பேன்.

அரக்கோணத்துக்காரன் சொன்னதைத்தான் நீங்களும் எழுதி வைத்திருக்கிறீர்கள். ரூட்டை எடுத்து அப்டேட் போட்டதில் ஆப்பின் மணி நின்றுபோயிருக்கிறது, மெக்கானிக் அதைச் சோதிக்காமல் கொடுத்துவிட்டான், கவனக்குறைவு. என் வக்கீல் இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். வாயைத் திறக்காமல் இரு, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் வெளியே நடமாட முடியாது. ஒரு சின்னப் போனைக்கூட நான் சோதிக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. பாவாவின் போனையா சோதிக்காமல் கொடுப்பேன்?

சோதித்தேன், சார். அப்டேட் முடிந்ததும் ஆப்பைத் திறந்தேன். சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும் என்று அதில் ஒரு அளவு இருக்கும். அதை அவருடைய அப்போதைய சர்க்கரைக்கு மேலே ஏற்றிவைத்து, போனை மூடி, மேஜைமேல் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தேன். ரூட் இல்லை. அந்த ஆப்பை எப்படியும் போன் நிறுத்திவிடும், அடிக்காது என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை என்றால் பாவா பயந்துபோவார். மறுபடி ரூட் போடுடா என்று கெஞ்சுவார். கம்பெனியும் வேண்டாம், சென்டரும் வேண்டாம் என்றுகூடச் சொல்வார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் அந்த நேரத்தில் என் மனதில் ஒன்றும் இல்லை.

நேரம் போனது. டீ வந்தது, குடித்தோம். பிறகு மணி அடித்தது.

நன்றாகவே அடித்தது. கம்பெனிக்காரர்கள் அந்தக் கோளாறை அப்டேட்டில் சரிசெய்துவிட்டிருந்தார்கள். எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் அடித்தது. பாவா கைதட்டிச் சிரித்தார். "பார்றா, ரூட் இல்லாமலே அடிக்குது. இனிமே உனக்கும் தொல்ல வுட்டுச்சு" என்றார்.

தொல்லை என்றார். அந்த மணிக்கு நான் தேவையில்லை. அவருக்கும் நான் தேவையில்லை. அவர் முன்னால் போய்க் கல்லாவில் உட்கார்ந்து, யாரிடமோ தெலுங்கில் பேச ஆரம்பித்தார். நான் அளவைப் பழையபடி வைத்தேன். ஆப்பின் மணியை அணைத்தேன். மறுபடி அளவை ஏற்றிச் சோதித்தேன், அடிக்கவில்லை; அளவை இறக்கிவைத்தேன். கண்ணாடியைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன்.

மலையில் அக்கா பார்க்கச் சொன்னபோது எண் தெரிந்தது. அந்த எண்ணில் ஒரு மனிதன் நிற்க முடியாது. எனக்கு அது தெரியும்.

அதனால் கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள், சார். அந்தப் போனில் ஒரு கோளாறும் இல்லை.