காற்றோடு ஆடும் கண்ணாடி

நோன்பு இருபத்தொன்பது. அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். என் முன் இருக்கையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவரும், மடியில் துணிப்பையோடு அவருடைய மச்சானும் இருந்தார்கள்.

"காத்து ஆடினா கண்ணாடியும் சேந்து ஆடுமாம் மச்சான்" என்றார் மாஸ்டர்.

"எது, இந்த பஸ் கண்ணாடியா?"

"பெரிய தொலைநோக்கிர கண்ணாடி. மேல காத்து நெளியிறதாலதான் வானத்து வெள்ளியெல்லாம் மினுங்குது. இந்தக் கண்ணாடி அதுக்கு எதிரா நெளியும். ஒரு செக்கனுக்குள்ள நூறு தரம். பிறகு பாத்தா எல்லாம் தெளிவாத் தெரியும்."

"பிறையுமா?"

"தெரியாம?"

மச்சானின் முகம் மாறியது. "அந்தச் சாமான் நம்மட ஊருக்கு வந்துட்டா?"

"இல்ல. உங்களுக்கு என்ன பயம்?"

டிக்கட் போட வந்த கண்டக்டர்தான் அதற்குப் பதில் சொன்னார். "டெய்லர் நானா! என்ட மகன்ட பெருநாள் சட்டை தெச்சாச்சா?"

"இண்டைக்குப் பிறை காணாட்டி நாளைக்குத் தாறன் தம்பி."

"கண்டா?"

டெய்லர் அவசரமாக மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மச்சான், அந்தக் கண்ணாடி முகில என்ன செய்யும்?"

"முகிலுக்கு அதாலயும் ஒண்டும் செய்ய ஏலா."

டெய்லர் மேற்குப் பக்க ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"யா அல்லாஹ்," என்றார், "ரெண்டு மீட்டர் முகில் போதும். பதினொரு சட்டை தைக்கக் கிடக்கு."