மனைவி தொடுத்த வழக்கில் மனமுவந்து தோற்கும் எங்கள் ஐயாவுக்கு

சட்டம் தெளிந்த சான்றோரே! சொன்ன சொல் சாயாத செம்மலே! வாதம் என்று வந்தால் வேங்கையே, வாசலில் வந்து நின்றவர்க்கு வாஞ்சையே! கறுப்பு அங்கிக்குள் கனிந்த நெஞ்சைக் கட்டிக்காத்த கண்ணியமே! நீதிமன்றப் படிகள் தேய நடந்தும் நெறி தேயாத நெடுந்தகையே! எங்கள் சீனியரே, எங்கள் ஐயாவே, அலுவலகத்தார் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்!

இவ்வளவையும் கேட்ட உங்கள் கை இந்நேரம் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும். தேட வேண்டாம் ஐயா, அதை ஜூனியர் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். நாங்கள் எழுதிக்கொண்டுவந்த மனுக்களில் ‘மாபெரும்’, ‘ஈடிணையற்ற’, ‘சொல்லொணா’ என்று எது தலைகாட்டினாலும் கோடு போட்டு, “இதை எடுத்துட்டா கேஸ் விழுந்துடுமா? விழாதுல்ல? அப்ப எடுத்துடுங்க” என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பட்டினி போட்டீர்கள். நீங்கள் வெட்டிய அடைமொழிகளை நாங்கள் வீணாக்கவில்லை. பத்திரமாகச் சேர்த்துவைத்து இன்று மொத்தமாக உங்கள் தலையிலேயே கொட்டுகிறோம். இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டும்.

வாசிப்பதற்கு உங்கள் அனுமதி பெற்றிருக்கிறோம் என்பதையும் சபைக்குச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பிரிவு உபசார மடலின் வரைவை உங்கள் மேசையில் வைத்தபோது முதல் பத்தியை மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்தீர்கள். அதை நாங்கள் மறுபடி சேர்த்துவிட்டது வேறு விஷயம். அம்மாவைப் பற்றிய பகுதி வந்ததும் உங்கள் பேனா நின்றது. “இதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. இது அவளோட வழக்கு” என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைச் சபையில் வாசிக்கிறோம்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் இறங்கிப்போய்த்தான் வழிவிட வேண்டிய மாடிப்படி; அதன் முடிவில் இரண்டே அறைகளாக நம் அலுவலகம். முன்னறையில் ஒரு கால் குட்டையான பெஞ்சு. பின்னறையில் நீங்களும் உங்கள் மேசையும், கூரைவரை அடுக்கிய வழக்குக் கட்டுகளும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி விரட்டப்பட்ட தையல்காரர் வந்தார், வேலை போன பேருந்து நடத்துநர் வந்தார், சீமாட்டிகளும் செல்வந்தர்களும்கூட அந்தப் படியில் மூச்சு வாங்க ஏறிவந்தார்கள். வந்தவர் யாரானாலும் நாற்காலியை விட்டு எழுந்து, “வாங்க, உட்காருங்க” என்பீர்கள். நீதிபதிக்கு எழுந்து நிற்காத வக்கீல் இல்லை. கட்சிக்காரருக்கும் எழுந்து நின்ற வக்கீலை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

உங்களுடைய இன்னொரு வழக்கத்தால் நம் அலுவலகம் நல்ல பெயரும் வாங்கியது, கெட்ட பெயரும் வாங்கியது. கட்சிக்காரர் தன் நியாயத்தைச் சொல்லி முடித்ததும் மேசையைச் சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்று, தொண்டையைச் செருமி, “இப்ப நான் அவங்க வக்கீல்” என்று ஆரம்பிப்பீர்கள். எதிராளியே நினைத்துப் பார்க்காத அழகோடு எதிராளியின் நியாயத்தை எடுத்து வைப்பீர்கள். அந்த அடியைத் தாங்கி நின்ற வழக்கு மட்டுமே மாடிப்படி இறங்கி நீதிமன்றம் போகும். ஒரு பேக்கரிக்காரர், பொதுச்சுவருக்காகத் தன் தம்பிமேல் கேஸ் போட வந்தார். நீங்கள் தம்பியின் தரப்பைப் பேசப் பேச அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், “ஐயா, மறைக்காம சொல்லுங்க, அந்தப் பயல் எனக்கு முன்னாடியே வந்து வக்காலத்து குடுத்துட்டானா?” என்று கேட்டார். அந்த வாரமே அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பெட்டி கேக்கோடு வந்து, கேஸ் வேண்டாம் என்றார்கள். கையில் வந்த வழக்கு போன வயிற்றெரிச்சலில் குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஒன்றை மட்டும் நீங்கள் யாருக்கும் சொன்னதில்லை. “கேஸ் ஜெயிக்குமாங்க?” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்களிடமும், “நம்மால ஆனதைச் செய்வோம்” என்பதோடு நிறுத்திக்கொள்வீர்கள். சிலர் அதைக் கேட்டுவிட்டு, ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்லும் வேறு வக்கீலைத் தேடிப் போனதும் உண்டு. நீங்கள் கவலைப்பட்டதில்லை.

இனி அம்மாவின் வழக்கு.

குழந்தைகள் மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் துணைவியார், எங்களுக்கும் அம்மாதான். தட்டச்சரின் தலைவலியையும் ஓட்டுநரின் இருமலையும் படியேறி வரும்போதே கண்டுபிடித்து, மருந்து சாப்பிடாததற்குத் திட்டவும் செய்வார். அந்த அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி மறந்தது, பிறகு பெயர்கள், அப்புறம் பழகிய முகங்கள். மருத்துவர் சொன்னதை நீங்கள் எங்களிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அன்றைய கட்டைப் பிரித்தீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகலில் அம்மா தனியாக மாடியேறி வந்தார். நேரே பின்னறைக்குப் போகாமல், கட்சிக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “வக்கீலைப் பார்க்கணும். முன்னாடி வந்தவங்க போகட்டும், நான் காத்திருக்கேன்” என்றார். “அம்மா, நம்ம ஐயாதானே...” என்று தட்டச்சர் ஆரம்பித்ததும், கதவருகே நின்ற நீங்கள் கையசைத்து நிறுத்தினீர்கள். அம்மாவின் முறை வந்தது. எல்லோருக்கும் எழுவது போலவே எழுந்தீர்கள்.

“வாங்கம்மா, உட்காருங்க. என்ன விஷயம்?”

“என் வீட்டுக்காரர் மேல ஒரு கேஸ் போடணும்.”

“என்ன பண்ணினார்?”

“ஒண்ணுமே பண்ணலை. அதான் கேஸ்.”

சிரிப்பை அடக்க முடியாத ஜூனியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அம்மா நிறுத்தவில்லை. “காலையில போறார், இருட்டினப்புறம் வர்றார். வரும்போதும் கக்கத்துல ஒரு கட்டு. கோர்ட்டுல அப்படிப் பேசுவாராம், ஊரே சொல்லுது. வீட்டுல ‘ம்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பேன், அவர் கண்ணு பேப்பர்லயே இருக்கும்.”

“அடிப்பாரா? திட்டுவாரா?”

“சேச்சே! தங்கமான மனுஷன். அதனாலதான் யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் முடியலை.”

“விவாகரத்து வேணுமா?”

“ஐயோ, அது எதுக்கு? எனக்கு ஆள் வேணுங்க.”

நீங்கள் வழக்கம்போல மேசையைச் சுற்றி வந்தீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இப்ப நான் அவரோட வக்கீல்” என்றீர்கள். “குடும்பத்துக்காகத்தானே ஓடி ஓடி உழைச்சேன்னு உங்க வீட்டுக்காரர் கேட்பாரேம்மா?” அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “பொண்ணைக் கட்டிக்குடுத்தாச்சு, அவ குடும்பத்தை அவ பார்த்துக்கிறா. இப்ப குடும்பம்னா நான் ஒருத்திதான். நான் அவரை ஓடச் சொல்லலையே?”

நாங்கள் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தோம். எந்த நீதிபதியின் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த நீங்கள் மேசையைச் சுற்றித் திரும்பிப்போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பிறகு, “எதிர்த்தரப்புல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்றீர்கள். “அப்ப கேஸ் ஜெயிக்குமா?” என்று அம்மா கேட்டார். “ஜெயிக்கும்மா” என்றீர்கள். எங்கள் காதால் அந்த வார்த்தையை உங்கள் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

சொல்லிவிட்டீர்களே தவிர உடனே கிளம்ப முடிந்ததா? ஆடைத் தொழிற்சாலையில் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்ட பெண்களின் வழக்கு பாதியில் இருந்தது. உங்களை நம்பி வந்தவர்களை நடுத்தெருவில் விட உங்களுக்கு மனம் வரவில்லை. நாங்களும், “இன்னும் கொஞ்ச நாள் இருங்க ஐயா” என்று காலைக் கட்டிக்கொண்டோம். சீக்கிரம் புறப்படப் பார்ப்பீர்கள். யாராவது ஒருவர் படியில் மடக்குவார். திரும்ப மேலே ஏறுவீர்கள். அம்மாவோ அடிக்கடி வந்து, முதல் தடவை சொல்வது போலவே தன் பிராதை முதலிலிருந்து சொல்வார். நீங்களும் பேனாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, முதல் தடவை கேட்பது போலவே கேட்பீர்கள். போகும்போது குமாஸ்தாவிடம், “என்னங்க, வாய்தா மேல வாய்தா வாங்கறீங்க? நீங்களும் அவர் ஆளா?” என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் அம்மா படியிறங்குவார். யாருக்கும் பயப்படாத குமாஸ்தா அந்தக் கேள்விக்குப் பயந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்.

ஒருநாள் காரில் போகும்போது ஓட்டுநரிடம் நீங்கள் சொன்னதை அவர் எங்களிடம் சொன்னார். “தனக்கு ஒரு வீட்டுக்காரன் இருக்கான்கிற ஞாபகம் அவளுக்கு இருக்கும்போதே நான் வீட்டுக்குப் போய்ச் சேரணும்ப்பா.” அதற்குப் பிறகு நாங்கள் யாரும் உங்களை இருக்கச் சொல்லவில்லை.

பிறகு அந்த நாளும் வந்தது. அம்மா படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “எதுக்கு வந்தேன்னு தெரியலையே” என்றார். நீங்கள் பின்னறையிலிருந்து ஓடிவந்து, கட்சிக்காரர்களுக்கு நடுவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க வீட்டுக்காரர் மேல ஒரு கேஸும்மா. வீட்டுக்கே வர்றதில்லைன்னு” என்று எடுத்துக் கொடுத்தீர்கள். அம்மா உங்களைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்லீங்களே” என்றார். வருத்தம் இல்லை என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் அழுததை அன்று முன்னறை முழுதும் பார்த்தது. நாங்களும் அழுதோம் ஐயா, அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

நல்லவேளை, தொழிற்சாலைப் பெண்களின் வழக்கில் வாதம் முடிந்திருந்தது. தீர்ப்பைக் கேட்டு வர ஜூனியர் போதும். அந்த வாரத்திலேயே ஒவ்வொரு கட்சிக்காரரையும் அழைத்து, யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று நேரில் சொல்லி, கட்டுகளை எங்கள் கையில் கொடுத்தீர்கள். உங்களை இன்னும் பத்து வருடம் அசைக்க முடியாது, ஏன் இந்த அவசரம் என்று சக வக்கீல்கள் கேட்டபோது, “ஒரு கேஸ்ல தோத்துட்டேன். தீர்ப்பை நிறைவேத்த வேண்டாமா?” என்று சிரித்துவிட்டு நகர்ந்தீர்கள்.

எங்கள் அன்பிற்கினிய ஐயாவே! வழக்குப் பட்டியல் பார்க்காமல் விடியும் காலைகளும், கடிகாரம் பார்க்காமல் கழியும் மாலைகளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! படியேறிப் படியேறி வலித்த முழங்கால்கள் அம்மாவோடு மெல்ல நடந்து குணமாகட்டும்! உடல் நலத்தோடும் உள்ள நிறைவோடும் நெடுங்காலம் இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாக இருங்கள். நீங்கள் யாரென்று அம்மாவுக்குத் தெரியாத நாட்களும் வரலாம். அந்த நாட்களில் எழுந்து நின்று புதிதாக அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர்களின் நம்பிக்கையைச் சற்று நேரத்தில் பெறுவதுதானே ஆயுள் முழுக்க நீங்கள் செய்த தொழில்? எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மேசையைச் சுற்றி வந்து நிற்க நாங்களும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை உள்ளது நேற்றே அச்சாகிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது. இனி வருவது சற்றுமுன் இங்கேயே எழுதிச் சேர்த்தது. இதற்காகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும் என்று சட்டம் போடுகிறவர் முறைத்தார். பரவாயில்லை, இதைச் சேர்க்காமல் விட முடியாது.

அரங்கத்துக்கு வந்த அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்த குமாஸ்தாவிடம் அவர், “இங்க என்ன விசேஷம்?” என்று கேட்டார்.

“ஐயா ஓய்வு பெறுறாரும்மா. நாளையிலிருந்து வீட்டுலதான் இருப்பார்.”

“யாரு, என் வீட்டுக்காரரா?”

“ஆமாம்மா.”

அம்மாவின் முகமெல்லாம் மலர்ந்தது. “அப்படின்னா அந்த வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, நான் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்னு. பாவம், ரொம்ப நல்ல மனுஷர். சொன்னதையே எத்தனை தடவை சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். வீட்டுக்காரர் வரட்டும், அவர்கிட்ட அந்த வக்கீலைப் பத்திச் சொல்லணும்.”

ஐயா, அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டோம். வழக்கு வாபஸ் ஆகிவிட்டது. அம்மா முன்வரிசையில் உங்களுக்காகக் காத்திருக்கிறார். அந்த வக்கீலைப் பற்றி உங்களிடம் நிறையச் சொல்ல வேண்டுமாம். மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கேளுங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
குமாஸ்தா, தட்டச்சர், ஜூனியர்கள், ஓட்டுநர்,
மாடி அலுவலகத்தார் அனைவரும்