நிச்சயத்துக்குத் தைத்த ஜாக்கெட்

எலாஸ்டிக்கை அளவாக இழுத்துத் தைப்பது எல்லாருக்கும் வந்துவிடாது, சார். கொஞ்சம் கூடினால் இடுப்பில் தடம் விழும். குறைந்தால் ஜட்டி நழுவும். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் என் சரக்கை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

என் மச்சினன் ஆறுச்சாமி உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த புகார் அவன் அக்கா மருதாளைப் பற்றியது. என் மனைவி. ஆறு வருடமாக டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடம் கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். தொட்டால் மோட்டார் போல இரையும். அந்தக் கையை எதுவும் இறுக்கக் கூடாது, இரைச்சல் நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நானும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

மகள் தேஜஸ்ரீக்கு அவிநாசியில் பெரிய இடம் அமைந்தது. அம்மாவுக்குக் கிட்னி போனது தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். அதனால் நிச்சயத்தன்று போட மருதாளுக்கு முழுக்கை ஜாக்கெட், உள்ளே ஜட்டி இடுப்புக்குப் போடும் அகல எலாஸ்டிக் வைத்து, நானே மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். இஸ்திரி போட்டதுபோல் புடைப்பு அமுங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாகூட, "ஜாக்கெட்டு அம்சமா இருக்குதுங்க, எங்க தைச்சீங்க?" என்று கேட்டார்.

தட்டு மாற்றும் முன் மருதாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கை இரையறது நின்னுபோச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயரலாங்க."

"பந்தி முடியட்டும் மருதா. அவங்க காரேறுன பொறகு போலாம். அதுவரைக்கும் அதைக் கழட்டீராதே."

கழற்றவில்லை. என் பேச்சைத் தட்டாதவள். பந்தி முடிந்தது, போட்டோ முடிந்தது. பிறகு அவர்கள் நம் கம்பெனியைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். காட்டாமல் இருக்க முடியுமா? மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது என்றார்கள். வேறு வழியில்லாமல் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டு, பத்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நியாயம் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் காரணம். கார் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. தெரிந்தேதான் அவளை நிறுத்திவைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்று மட்டும், சார். சம்பந்தி வீட்டில் மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் விசாரித்தால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.